நிரை பிடித்து அத்தையைத் தேடினார்கள்

எங்கள் லயத்து வாசலுக்கு நாற்காலி வந்த நாள் அது. லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், யாரிடமும் நாற்காலி கிடையாது. கண்டாக்கையா பங்களாவிலிருந்து ஓர் ஆள் தலையில் சுமந்துவந்து இறக்கினார். இன்ஸ்பெக்டர் அதில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முன்னால் நான் நின்றேன். எனக்குப் பின்னால் லயமே நின்றது.

"நீ மாமியாரோட சண்டை போட்டதா?" என்று தன் சிங்களத் தமிழில் கேட்டார்.

"எந்த நாள் சண்டையக் கேக்குறீங்க மாத்தையா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்டாக்கையா, அதாவது தோட்டத்து வெளிவேலையெல்லாம் பார்க்கிற பெரிய உத்தியோகத்தர், "வாயப் பாரு" என்று முணுமுணுத்தார். கடவுள் சத்தியமாக நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்களுக்குள் தினமும் ஒரு சண்டை உண்டு. போலீஸ்காரர் எதை விசாரிக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வெளியே போன அத்தை திரும்பவில்லை. ஆண்கள் பந்தம் கொளுத்திக்கொண்டு போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். தை மாதத்துப் பனி. கந்தப்பளைப் பக்கம் அந்தப் பனி கொழுந்தையே கருக்கிவிடும். ஒரு ராத்திரி போய்விட்டது. இன்னொரு ராத்திரியும் வெளியில் கிடந்தால் அத்தை உயிரோடு வரமாட்டார். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதோடு, 'மருமக விரட்டிட்டா' என்ற பேச்சு காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக்கு முன்பே ஆற்றங்கரை லயம் வரை போய்விட்டது. அத்தை வராவிட்டால் அந்தப் பெயரோடுதான் நான் சாகும்வரை வாழவேண்டும்.

முந்தைய பதவி, பிந்தைய பதவி

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் கூடப் பிறந்த அக்கா அவர். பிறந்தது முதல் எனக்கு அத்தை. அவர் மகனைக் கட்டிக்கொண்ட பிறகு மாமியார். முந்தைய பதவியில் இருந்தபோது சந்தைக்குப் போனால் எனக்கென்று பொரிவிளாங்காய் உருண்டை முடிந்துகொண்டு வருவார். பிந்தைய பதவி ஏற்றதும் நான் தட்டிய ரொட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

பெயர் வீராயி. அந்தப் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே எழுதிவிட்டேன்.

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பொன்சட்டிக்கு எங்கே போவது? இரண்டு பேரும் உடைத்தது மண்சட்டிதான். அதனால் சண்டையிலும் ஒரு சமத்துவம் இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தேயிலை பெக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. நாங்கள் ஆரம்பித்தால், 'இலை காய்ந்துவிடும்' என்று சொல்லிவிட்டு லீவு நாளிலும் பெக்டரிக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை கருகிய ரொட்டியைப் பற்றியது. ஈர விறகு, புகை, கண் எரிச்சல். ரொட்டி ஒரு பக்கம் வேகாமலும் மறுபக்கம் கரியாகவும் வந்தது. அடுப்பு சரியில்லை என்றேன் நான். கை சரியில்லை என்றார் அத்தை. பிறகு விறகு கட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே காட்டுப்பக்கம் போனார்.

இதைத்தான் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல முயன்றேன். "கயித்த எடுத்துக்கிட்டுத்தான் மாத்தையா போனாங்க. வெறகுக்குத்தான் போயிருக்காங்க."

"கயிறு பெட்டி கட்டவும் எடுக்கும்" என்றார் அவர்.

"பெட்டி உள்ளதாங்க இருக்கு."

அதற்குள் கண்டாக்கையா குறுக்கே வந்துவிட்டார். "உடப்புசல்லாவையில இவ நாத்தனா இருக்கா சார். கோவிச்சுக்கிட்டு மக வீட்டுக்குப் போயிருப்பா. இதுங்க எப்பவும் இப்பிடித்தான்."

அவ்வளவுதான். ஒரு கான்ஸ்டபிள் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார், கயிறு கட்டிய பெட்டியோடு ஒரு கிழவி ஏறினாளா என்று விசாரிக்க. இன்னொருவர் உடப்புசல்லாவைக்குப் போனார். அவலை நினைத்து உரலை இடித்த கதையாக அரைநாள் போய்விட்டது.

தொரையின் நாய்

இந்த இடத்தில் ஒரு நாயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்னால், தோட்டத்தை நடத்தும் தொரையின் நாய் காணாமல் போனது. எங்கள் மலைப்பக்கம் ஓடிய சின்ன ரயில் நின்றுபோய், தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலம் என்று நினைக்கிறேன். பழுப்பு நிறம், தொங்கும் காது, எங்களைக் கண்டால் குரைக்கும், எங்கள் சாப்பாட்டைக் கண்டால் குரைக்காது. தொரை பங்களா வாசலில் நின்று எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். அந்த நாய்க்கு எங்கே போகப் பிடிக்கும்? யார் கொடுப்பதை விரும்பித் தின்னும்? கருவாட்டு வாசனை வரும் பக்கம் போகும் என்று தோட்டக்காரர் சொன்னார். பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கருவாட்டுக் கடைக்கு ஆள் போனது. நாய் அங்கே சாக்குமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

நாய் காணாமல் போனபோது அதற்கு எங்கே போகப் பிடிக்கும் என்று கேட்டவர்கள், அத்தை காணாமல் போனபோது யாரோடு சண்டை என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இத்தனை வருஷம் கழித்தும் முழுசாகத் தணியவில்லை.

காலையில் புகார் கொடுக்கப் போன என் வீட்டுக்காரரிடம் போலீஸ் ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி இன்னும் அருமை. "காணாமல் போனவர் இந்தியாவா, இலங்கையா?" இவர் முழித்திருக்கிறார். தோட்டத்து ஆட்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பது அரசாங்கங்களுக்கே தெரியாத காலம். இவருக்கு எப்படித் தெரியும்? "கந்தப்பளைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மலை முடிஞ்சிருச்சு

மத்தியானத்துக்குள் இரண்டு கான்ஸ்டபிள்களும் திரும்பி வந்தார்கள். பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. உடப்புசல்லாவையில் அத்தையின் மகள் அழுதுகொண்டு இவர்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டாளாம். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகத்தில் கவலை தெரிந்தது. "காட்டுக்குப் போகணும்" என்றார்.

தேடும் பொறுப்பைக் கண்டாக்கையா எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைமுறை. கொழுந்து பறிக்கத் தேயிலைச் செடி வரிசைகளை நிரை நிரையாகப் பிரிப்பது போல ஆண்களைப் பிரித்தார். ஆளுக்கு ஒரு நிரை. தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்திலிருந்து காட்டு விளிம்பு வரை ஏறவேண்டும். பின்னால் கங்காணி வருவார். "நிரைய விடாதே! பேச்சு வேணாம்! ஒரு சத்தம் குடு, மேல போ!" என்று விரட்டுவார்.

அப்படியே செய்தார்கள். ஒவ்வொருவரும் தன் நிரையில் நின்று "வீராயீ!" என்று ஒரு சத்தம் கொடுத்தார்கள். பதில் வருகிறதா என்று நின்று கேட்க முடியாது, கங்காணி பின்னால் வந்துவிடுவார். நடுவில் கான்ஸ்டபிள்கள் விசில் ஊதினார்கள். தோட்டத்துத் தப்பு வேறு முழங்கியது. நாங்கள் பெண்கள் லயத்து முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பெண்கள் வரவேண்டாம் என்று கண்டாக்கையா உத்தரவு. கீழே இருந்து கேட்கத் திருவிழா போல இருந்தது.

மூட்டம் இறங்கியது. எங்கள் பக்கம் மூட்டம் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வராது. எதிர்லயம் இருக்கும், திரும்பிப் பார்த்தால் இருக்காது.

மேலே தேடுகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. பெண்கள் வரக்கூடாது என்றவர் தேத்தண்ணி வரக்கூடாது என்று சொல்லவில்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டேன். சீனியை ஒரு பொட்டலமாக மடியில் கட்டிக்கொண்டேன். ஏறும்போது மூச்சு வாங்கியது. அத்தை செத்திருப்பாரோ என்ற நினைப்பு வந்தது. வாளியை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்து அழுதேன். பிறகு தேத்தண்ணி ஆறிவிடும் என்று எழுந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கண்டாக்கையா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மலை முடிஞ்சிருச்சு சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். கொழுந்து பறித்து முடிந்த மலையைப் பற்றிச் சொல்கிற அதே பேச்சு. "ஒரு நிரை விடல. இங்க இல்ல."

என்னடி?

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கோப்பைகள் கைமாறின. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, நாக்கால் தொட்டுத் தொட்டு, சுடச்சுடக் குடித்தார்கள். தப்பு அடித்தவர் தப்பைக் கீழே வைத்திருந்தார். கான்ஸ்டபிளின் விசில் கழுத்தில் தொங்கியது. அந்த நாள் முழுவதும் அந்த மலையில் சத்தம் நின்றது அப்போதுதான்.

எனக்கு உட்கார முடியவில்லை. 'இங்க இல்ல' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது. காட்டோரம் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதில் ஏறி நின்று, "அத்தை!" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை. வீட்டில் நான் கூப்பிட்ட முதல் தடவையே அத்தை திரும்பிப் பார்த்த சரித்திரம் கிடையாது. முதல் தடவை காதில் விழாதது போல இருப்பார். மருமகள் கூப்பிட்டதும் திரும்பினால் மாமியார் என்ற மரியாதை என்ன ஆவது? இரண்டாவது தடவைக்கு முதுகு மட்டும் கொஞ்சம் அசையும்.

"அத்தை!"

மூட்டம் என் முகத்தில் அடித்தது. கீழே ஒருவர் தேத்தண்ணியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பயம், பசி, தூக்கமில்லாத கண், கருகிய ரொட்டி எல்லாம் சேர்ந்து எனக்குக் கோபமாக வந்தது. வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினேன்.

"அத்...தை!"

இடப்பக்கம் கீழே, பள்ளத்துக்குள்ளிருந்து, தொண்டை கட்டிய ஒரு குரல் வந்தது.

"என்னடி?"

தேத்தண்ணி குடித்தவர்கள் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த மனிதர் அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு பெரட்டுப் பேய்

விழுந்துகிடந்த ஒரு மரத்துக்கு அடியில், பெரணிச் செடிகளுக்குள் அத்தை கிடந்தார். கணுக்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. விறகுக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. ராத்திரி முழுவதும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச்சாக்கைப் போர்த்திக்கொண்டு, காய்ந்த சருகை அள்ளி மேலே போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே போனது ஐந்தாவது நிரையா ஆறாவது நிரையா என்று பிறகு ஒரு வாரம் லயத்தில் சண்டை நடந்தது.

இன்ஸ்பெக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இத்தனை பேர் கூப்பிட்டது. விசில் ஊதினது. கேக்கல்லயா?"

"கேட்டுச்சுங்களே" என்றார் அத்தை.

"அப்போ ஏன் பதில் சொல்லல்ல?"

அத்தை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு தடவ கூப்பிட்டா யாருங்க பதில் சொல்லுவா? பேயில்ல ஒரு தடவ கூப்பிடும்!"

அதைக் கேட்டதும் நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் பதில் சொல்லவேண்டும். பேய்க்கு மூன்று தடவை கூப்பிட வராது. இது எங்கள் தோட்டத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மூட்டம் இறங்கினால் எங்களுக்குப் பகலும் ராத்திரிதான். நிரை பிடித்த அத்தனை பேரும், தாங்கள் பள்ளத்தில் கிடந்திருந்தால் அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டுதான் கிடந்திருப்பார்கள். தேடப் போனபோது மட்டும் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. கங்காணி பின்னால் வந்தால் மனிதனுக்கு எதுதான் ஞாபகம் வரும்?

"ஒரு கொரலா ரெண்டு கொரலா?" என்றார் அத்தை. "ஆளாளுக்கு ஒருவாட்டி கூப்பிட்டுட்டுப் போவுது. அப்பறம் விசிலு. அப்பறம் தப்பு. ஒண்ணு ரெண்டு பேயில்ல சாமி, ஒரு பெரட்டே வந்திருச்சுன்னு நெனச்சேன். சருக எடுத்து மூஞ்சியில மூடிக்கிட்டேன்."

"இது மட்டும் பேய் இல்லன்னு எப்பிடித் தெரிஞ்சது?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மூணு தடவ கூப்பிட்டாள்ல. அதோட, எந்தப் பேயும் இவ்வளவு எரிச்சலா கூப்பிடாதுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் அம்மாவும் இதையே சொல்வார் என்றார். போலீஸில் சேர்ந்த பிறகு மறந்துவிட்டதாம்.

சும்மா நிற்கும் வேலை

அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போகும்வரை எங்கள் வட்டாரத்தில் ஆள் தேடும் முறையே வேறாகிவிட்டது. அவர் மூன்று காரியங்களில் பிடிவாதமாக இருந்தார். சண்டையைப் பற்றி விசாரிக்கும் முன் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கவேண்டும். தேடப் போகும்போது வீட்டுப் பெண்களில் ஒருத்தியாவது கூட வரவேண்டும். ஒவ்வொரு மேட்டிலும் எல்லோரும் நிற்கவேண்டும், அந்தப் பெண் மூன்று தடவை கூப்பிடவேண்டும், பிறகு யாரும் மூச்சுவிடாமல் காது கொடுக்கவேண்டும்.

முதல் இரண்டையும் கண்டாக்கையா பொறுத்துக்கொண்டார். மூன்றாவதுதான் அவரைக் கொன்றது. இத்தனை ஆட்கள் வேலை நேரத்தில் மலையில் சும்மா நிற்பதைப் பார்க்க அவருக்குக் கண் கூசியது. அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் வழிதவறியபோது, எல்லோரும் அசையாமல் நிற்க இவர் மட்டும் பழக்கதோஷத்தில், "என்னா நிக்கிறீங்க?" என்று கத்திவிட்டார். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்க, இவர் தன் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது மேட்டிலேயே பெரியவர் பதில் கொடுத்தார். கண்டாக்கையாதான் முதலில் கைதட்டினார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

லயத்து வாசலில்

அன்றைக்கு அத்தையைக் கம்பளியில் தூளி கட்டி இறக்கினார்கள். விறகுக்கட்டையும் கொண்டுவந்தால்தான் ஆச்சு என்று அவர் பிடித்த பிடியில், ஒரு கான்ஸ்டபிள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். லயத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. டிஸ்பென்சர் ஐயா வந்து காலைக் கட்டினார். நான் அத்தையின் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

இன்ஸ்பெக்டருக்குத் தன் கடமை பாக்கி இருந்தது. லயம் கேட்கும்படியாகவே கேட்டார். "பயப்படாமல் சொல்லு. மருமகள் சண்டை போட்டு விரட்டினதா?"

என் கை நின்றுவிட்டது. இத்தனை பேர் முன்னால் அத்தை என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"சண்டை போட்டோம். இல்லேங்கல" என்றார் அத்தை. "ராத்திரி பூரா போட்டோம்."

"ராத்திரி நீ காட்டுல. இவள் வீட்டுல."

"எங்க இருந்தா என்னங்க? கண்ணு அசந்தா அப்பிடியே செத்துப்போவேன்னு தெரியும். பனி அப்பிடிக் கடிக்குது. தூங்காம கெடக்கணும்னா எதுனா வேணும்ல? அதான் இவளோட சண்டைய வச்சுக்கிட்டேன். நான் ஒண்ணு சொல்லுவேன். அதுக்கு இவ என்னா சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? அதயும் நானே சொல்லுவேன். அதுக்கு நான் ஒண்ணு சொல்லுவேன். அப்பிடியே விடிஞ்சிருச்சு."

நான் அழுவதை மறைக்கவில்லை. அவர் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "யாரு அத்தை ஜெயிச்சா?" என்று கேட்டேன்.

"எங்க முடிஞ்சுச்சு?" என்றார். "பாதியில நீ வந்து கூப்பிட்டுட்ட."